தாத்தா பாட்டி, இரண்டு வாண்டுகள், ஒரே சூட்: கப்பலில் ஆறு பேர் தங்குவதற்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று நான்கு இரவுக் கப்பல் பயணங்களில் நம்மவர்கள் இப்போது நிறையத் தென்படுகிறார்கள். அதிலும் அப்பா அம்மா, நடை பழகியும் பழகாததுமாக இரண்டு பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி என்று ஆறு பேராகக் கிளம்பும் குடும்பங்கள். முதல் தடவை போகிறவர்களுக்காக, பதிவு செய்வதிலிருந்து இறங்குவது வரை எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் போய்வரும் கப்பல்களை மனதில் வைத்து எழுதியது. வேறு கடலுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலை: கதவை எண்ணுங்கள்

சூட் (கப்பலில் சாதாரணக் கேபினை விடப் பெரிய, விலை கூடிய தங்குமிடம்) என்றதும் எத்தனை சதுர அடி, பால்கனி எவ்வளவு பெரிது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. படுக்கையறைக்குத் தனிக் கதவு இருக்கிறதா? பாத்ரூம் எத்தனை? ஆறு பேர் நான்கு நாள் சேர்ந்து இருக்கும் இடத்தில் சண்டை வருவது தூக்கத்தாலும் பாத்ரூமாலும்தான், இடப் பற்றாக்குறையால் அல்ல.

ஜூனியர் சூட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ராயல் கரீபியன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் ஜூனியர் சூட் என்பது கொஞ்சம் பெரிய ஒற்றை அறை, அவ்வளவுதான். கட்டிலும் சோபாவும் ஒரே இடத்தில் இருக்கும். வேறு சில சூட்களில் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு திரை மட்டும் தொங்கும். திரை வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. பிள்ளை எட்டு மணிக்குத் தூங்க வேண்டும், தாத்தா நாலரைக்கே எழுந்து காபி தேடுவார், பாட்டிக்கு ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூம் போயாக வேண்டும், பால் குடிக்கிற குழந்தை இருந்தால் அம்மாவுக்கு மறைவாக ஓர் இடம் வேண்டும். மாமனார் படுத்திருக்கும் ஹாலைக் கடந்துதான் மருமகள் குளித்துவிட்டு வர வேண்டும் என்றால் ஒரே நாளில் இருவருக்கும் சங்கடமாகிவிடும், வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால் இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம் உள்ள குடும்ப சூட் கிடைத்தால் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரே பெரிய அறையில் ஆறு பேரை அடைப்பதை விட, நடுவில் கதவு வைத்த இரண்டு பால்கனி கேபின்கள் எவ்வளவோ மேல். பெரும்பாலும் விலையும் குறைவாகவே வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கேபின் வேறு, உள்ளேயே இடைக்கதவு உள்ள கேபின் வேறு. முகவர் "பக்கத்திலேயே போட்டுத் தருகிறேன்" என்றால் அது முதல் வகையாக இருக்கலாம். இடைக்கதவு உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டு, கேபின் எண்களை வாங்கி, கப்பலின் தள வரைபடத்தில் நீங்களே சரிபாருங்கள். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஒரு ஜூனியர் சூட், ஒரு பால்கனி கேபின், ஒருவர் தங்கும் சிறு கேபின் மூன்றும் சேர்ந்து ஒரு பொது வாசலுக்குள் வரும்படியான அமைப்பு உண்டு. வெளிக்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மூன்று அறையும் ஒரே வீடு போல ஆகிவிடும். ஆறு பேருக்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல ஏற்பாடு இதுதான், ஆனால் எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும்.

கணக்குப் போடும்போது இரண்டு வழியையும் எழுதிப் பாருங்கள். பொதுவாக ஒரு கேபினில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவு. சூட் என்றால் அந்த முதல் இரண்டு பேரின் கட்டணமே உச்சத்தில் இருக்கும். அதோடு ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்புத் தொகை சேரும். பல நிறுவனங்களில் அது கைக்குழந்தைக்கும் உண்டு, சூட்டில் தங்குகிறவர்களுக்குச் சற்று அதிகம். ஆறால் பெருக்கி, இரவுகளால் பெருக்கி, மொத்தத்தில் சேர்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சூட்டுக்கென்று உண்மையாகவே இருக்கும் லாபம் வேறு: வரிசையில் நிற்காமல் ஏறலாம் இறங்கலாம், பல கப்பல்களில் தனி உணவகமோ லவுஞ்சோ உண்டு. முட்டி வலியுள்ள தாத்தா பாட்டிக்கு அந்த வரிசை மிச்சமாவது சாதாரண விஷயம் இல்லை, அதற்காகவே சூட் எடுக்கலாம் என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல். "கேபினில் இடம் இருக்கிறது, ஆனால் ஐந்தாவது ஆளைச் சேர்க்க முடியவில்லை" என்று கணினி சொல்லும். அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இருக்கை நிறைந்திருக்கலாம். மடியில் இருக்கும் குழந்தையும் அங்கே ஓர் ஆள் கணக்குத்தான். எனவே ஆறு பேரின் பெயரையும் முதலிலேயே கொடுத்துப் பதிவு செய்யுங்கள், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கையில் சிறு பிள்ளைகளைப் படுக்கவைக்க அனுமதி கிடையாது, தாத்தா பாட்டியால் ஏணி ஏறவும் முடியாது. ஆகவே "நான்கு பேர் படுக்கலாம்" என்று போட்டிருந்தால் அதில் இரண்டு படுக்கை மேலே தொங்குகிறதா என்று கேளுங்கள்.

எந்தத் தளம், எந்தப் பக்கம்

ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல்தான் என்பதால் இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சத்தத்துக்குத்தான் கவலைப்பட வேண்டும். சூட்கள் மேல் தளங்களில் இருக்கும், அதற்கு நேர் மேலே நீச்சல்குளத் தளமோ பஃபேயோ வந்துவிட்டால் காலை ஐந்தரைக்கே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலேயும் கீழேயும் கேபின்கள் மட்டுமே உள்ள தளமாகப் பாருங்கள்.

மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே இருப்பது தாத்தாவுக்கு வசதி, குழந்தைத் தூக்கத்துக்கு வினை. நாலைந்து கதவு தள்ளி இருந்தால் போதும். குவாண்டம் வகைக் கப்பல் ஏறக்குறைய 350 மீட்டர் நீளம். ஒரு கோடியில் கேபினும் மறு கோடியில் சாப்பாட்டு அறையும் என்றால் பாட்டி இரண்டாம் நாளே "எனக்குப் பசிக்கலை" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

வயதும் காகிதங்களும்

பெரும்பாலான நிறுவனங்களில் குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. கப்பல் ஏறும் தேதியில் அந்த வயது ஆகியிருக்க வேண்டும், பதிவு செய்யும் தேதியில் அல்ல.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் எல்லோருக்கும் சிங்கப்பூர் விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். ஏனென்றால் கப்பல் பினாங்கு போய்த் திரும்பினால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது தடவை நுழைகிறீர்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, பதிவு செய்த பிறகும் ஒருமுறை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் ஒருமுறை அந்தந்த அரசு இணையதளத்தில் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வருகைக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஆறு பேருக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்யுங்கள், ஆளாளுக்குச் செய்தால் ஒருவருடையது விட்டுப்போகும்.

தாத்தா பாட்டியின் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களும், கடலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் பார்த்தால் பணம், அது உங்கள் அறைக் கணக்கில் ஏறும்.

பெட்டியில் என்ன, என்ன வேண்டாம்

கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் கார்டு எதுவும் கூடாது. சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, விளக்கு எதையும் ஏற்றக் கூடாது. இதைப் பாட்டியிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு சாமி படமும் பேட்டரி விளக்கும் போதும் என்று அப்போதே பேசி முடித்துவிட்டால், கப்பலில் வைத்துச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டில் செய்த முறுக்கு, புளிசாதம் எல்லாம் பொதுவாக அனுமதி இல்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பிரச்சினை வராது. குழந்தையின் பால்பவுடர், சீல் உடைக்காத செரலாக் எடுத்துப் போகலாம். டயப்பரைக் கணக்குப் போட்டதற்கு மேல் ஒரு நாள் கூடுதலாக எடுங்கள். கப்பல் கடையில் இருந்தால் விலை கொல்லும், உங்கள் அளவு இருக்காது. சிங்கப்பூரில் ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குகிறவர்கள் லிட்டில் இந்தியாவில் முஸ்தபா கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும்.

காந்தக் கொக்கி பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள். கேபின் சுவர் இரும்புத் தகடு, அதில் கொக்கி நன்றாக ஒட்டும். பைகள், ஈரத்துணி, தொப்பி எல்லாம் சுவருக்குப் போய்விட்டால் தரை காலியாகும். நடமாட்டம் தெரிந்தால் எரியும் பேட்டரி விளக்கு இரண்டு, ஒன்று பாத்ரூம் வாசலுக்கு, ஒன்று கட்டில் பக்கத்துக்கு. இருட்டில் தாத்தா சுவிட்ச் தேடித் தடவுவது மிச்சம். பாத்ரூமில் வாளி, மக் இருக்காது, கைப்பிடித் தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் இருக்காது. அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் பயண பாட்டில் ஒன்று கொண்டுபோனால் பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட, காற்றடிக்கும் சின்ன டப்பு ஒன்று. சூட்டில் குளியல் தொட்டி இருந்தால் அதுவும் வேண்டாம். பாத்ரூமுக்கும் பால்கனிக்கும் வாசலில் ஒரு படி உயரம் இருப்பது வழக்கம். வழுக்காத செருப்பு ஆளுக்கு ஒன்று.

தள்ளுவண்டி குடை போல மடங்குவதாக இருக்கட்டும், கேபின் வெளியே நடையில் நிறுத்த விடமாட்டார்கள்.

ஏறும் நாள்

பெரிய கப்பல்கள் பலவும் மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. ஆறு பேர், பெட்டிகள், தள்ளுவண்டி என்றால் சாதாரண காரில் அடங்காது, மேக்ஸி கேப் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு, செயலியில் அழைக்கும் தனியார் கார்களுக்கு இல்லை. ஏற்ற மறுத்தால் ஓட்டுநரைத் திட்டாதீர்கள்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபின் வாசலுக்கு வந்துசேர மாலை ஆகலாம். எனவே ஒரு கைப்பையில் கடவுச்சீட்டுகள், அன்றைய மருந்து, ஆறேழு டயப்பர், ஒரு செட் உடை, குழந்தைக்குச் சாப்பிட ஏதாவது, நீச்சல் உடை. இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெட்டியில் போடாதீர்கள். பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முனையத்தில் ஏறும் வரைதான் தருவார்கள், நான்கு நாளும் வேண்டும் என்றால் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்பு ஒத்திகை உண்டு. 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பலின் விபத்துக்குப் பிறகு விதி இறுகியது, யாரும் தப்பிக்க முடியாது. இப்போது பல கப்பல்களில் செயலியில் படம் பார்த்துவிட்டு உங்கள் கூடும் இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால் முடிந்தது. ஏறியவுடனேயே முடித்துவிடுங்கள். குழந்தை அளவு உயிர்காப்பு உடை அறையில் இல்லையென்றால் அப்போதே கேளுங்கள்.

அறைக்குள் முதல் ஒரு மணி நேரம்

சாப்பிடப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். அறைப் பணியாளரைப் பார்த்துப் பேர் கேட்டு வணக்கம் சொல்லி, வேண்டியதை ஒரே தடவையில் சொல்லுங்கள்: குழந்தைத் தொட்டில், தாத்தா பாட்டி கட்டிலைச் சேர்ப்பதா பிரிப்பதா, கண்ணாடி மேசையை எடுத்துவிடலாமா, மினிபாரைக் காலி செய்து தருவாரா, கூடுதல் தலையணை, இன்சுலின் ஊசி போடுகிறவர் இருந்தால் பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு டப்பா. அறை ஃபிரிட்ஜ் பல கப்பல்களில் லேசாகத்தான் குளிரும், இன்சுலினுக்குப் போதுமா என்று கேட்டு, போதாது என்றால் மருத்துவ ஃபிரிட்ஜ் கேளுங்கள்.

யாருக்கு எந்த அறை? பெரிய படுக்கையறையைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதுதான் நம் வழக்கம். இங்கே அதை அப்படியே செய்யாதீர்கள். பாத்ரூமுக்கு மிக அருகில் இருக்கும் படுக்கை தாத்தா பாட்டிக்கு, கதவு நன்றாகச் சாத்தும் அறை குழந்தைக்கு. ஹாலில் சோபாவை விரித்துப் படுப்பது குழந்தையின் அப்பா. அவர்தான் எங்கே போட்டாலும் தூங்குகிறவர், பெரும்பாலான வீடுகளில். தொட்டிலை ஏசி காற்று நேராக விழாத இடத்தில், நடக்கும் வழிக்கு வெளியே போடுங்கள். காலிப் பெட்டிகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

பால்கனி பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்புக் கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அது பிள்ளை நிற்கும் உயரத்துக்கு, நாற்காலி மேல் ஏறி நிற்கும் உயரத்துக்கு அல்ல. ஏற முடிகிற நாற்காலி, சிறு மேசை எல்லாவற்றையும் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள், அல்லது பெரியவர் யாராவது உட்காரும்போது மட்டும் வெளியே போடுங்கள். கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும், அது எப்போதும் போட்டிருக்க வேண்டும். பால்கனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் நின்று படம் எடுப்பது கிடையாது என்று ஆறு பேருக்கும் ஒரே விதி, தாத்தாவுக்கும் சேர்த்து.

கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை, சத்தம் திடீரென்று பெரிதாக வரும். இரண்டு வயதுப் பிள்ளை பயந்து அப்புறம் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மூடியை மூடி, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அழுத்துங்கள். டயப்பர், ஈரத்துடைப்பான் எதையும் அதில் போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் உங்களோடு சேர்த்துப் பக்கத்துக் கேபின்களும் தவிக்கும்.

நாள் எப்படி ஓடும்

குளத்தில் விஷயம் இப்படி: டயப்பர் போடும் பிள்ளைகளை நீச்சல்குளத்தில் இறக்க முடியாது, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கப்பல் சுகாதார விதியை ஒட்டிப் பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. சில கப்பல்களில் மட்டும் சிறு குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருக்கும். உங்கள் கப்பலில் உண்டா என்று பதிவுக்கு முன் பாருங்கள், இல்லையென்றால் பிள்ளைக்கு ஆசை காட்டாதீர்கள்.

ராயல் கரீபியனில் குழந்தைகள் மன்றம் மூன்று வயதிலிருந்து, அதுவும் கழிப்பறைப் பழக்கம் வந்தவர்களுக்கு மட்டும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ளவர்களுக்குப் பல கப்பல்களில் மணிக்குக் கட்டணம் வாங்கும் காப்பகம் உண்டு. இடம் குறைவு, ஏறிய அன்றே பதிய வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காப்பகம் இருக்கும்போது தாத்தா பாட்டியைக் காவலுக்கு உட்கார வைக்க வேண்டியதில்லை. அவர்களும் பயணத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு வேளை அவர்கள் பார்த்துக்கொள்வது, அது எந்த வேளை என்பதை அவர்களே சொல்வது, மற்ற நேரமெல்லாம் உங்கள் பொறுப்பு என்று கிளம்பும் முன்பே பேசிவைத்தால் யார் மனமும் கோணாது. அதேபோல் ஓர் இரவாவது பெரியவர்கள் இருவரும் மட்டும் நாடக அரங்கத்துக்குப் போய்வரட்டும்.

சாப்பாட்டுக்கு, இரவு நேரத்தில் முதல் பந்தியைக் கேளுங்கள், இரண்டாவது பந்திக்குள் குழந்தை தட்டிலேயே தூங்கிவிடும். சைவம், ஜைன உணவு, உப்பு குறைவு எல்லாம் பதிவின்போதே குறிப்பில் எழுதவையுங்கள். முதல் இரவு தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்து மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று சொன்னால், பருப்பும் சாதமும் ஒரு காய்கறியும் பெரும்பாலும் செய்து தருவார்கள். பஃபேக்குள் போகும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாந்தி பேதி பரப்பும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது. காலைக் காபிக்கு அறையில் கெட்டில் இருக்கிறதா கேளுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் இரவே ஒரு பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வைத்தால் நாலரை மணிப் பிரச்சினை தீர்ந்தது.

குமட்டலுக்கான மாத்திரைகள் இரண்டு வயதுக்குக் கீழே தரக் கூடாதவை, வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் குழப்பமும் தரக்கூடியவை. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், யாரோ கொடுத்த மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

கப்பல் நகர்ந்ததும் எல்லாக் கைப்பேசியையும் விமான நிலைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசை பிடித்துக்கொண்டால் பில் எகிறும், தாத்தா தெரியாமல் எடுத்த ஒரு வீடியோ அழைப்பு போதும்.

துறைமுகங்களில்

பினாங்கில் கப்பல் ஜார்ஜ்டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும். இறங்கி நடக்கும் தூரத்தில் லிட்டில் இந்தியா, 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், இட்லி தோசை எல்லாம் இருக்கிறது. தாத்தா பாட்டியோடும் தள்ளுவண்டியோடும் போக இதை விட லேசான துறைமுகம் இந்தப் பாதையில் இல்லை. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும், டெண்டர் என்கிற சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகு ஆடும், கால் வைத்து ஏற வேண்டும். முட்டி சரியில்லாதவர்கள் அன்று கப்பலிலேயே இருக்கட்டும், கூட்டம் இல்லாத கப்பல் நன்றாகவே இருக்கும். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வரப் பாதி நாள் சாலையிலேயே போகும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக நான் சொல்ல மாட்டேன். தாய்லாந்து சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம், திரும்பும் நேரத்தைக் கப்பல் கடிகாரப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு

பெட்டிகளை இரவு பத்துப் பதினொன்றுக்குள் வாசலில் வைத்துவிட்டால் அவர்களே இறக்கிவிடுவார்கள். ஆறு பேருக்கும் மறுநாள் போடும் உடை, செருப்பு, பல் செட், மூக்குக் கண்ணாடி, காலை மருந்து, டயப்பர் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். பெட்டி போன பிறகு திறக்க முடியாது. அறைக் கணக்கை அன்றிரவே செயலியில் பாருங்கள், தவறு இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், காலையில் வாடிக்கையாளர் மேசையில் நீண்ட வரிசை நிற்கும். குழு குழுவாக எண் கொடுத்துத்தான் இறக்குவார்கள், அதில் கடைசிக் குழுவைக் கேட்டு வாங்கினால் குழந்தைகளை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்கு முன் போடாதீர்கள்; மாலை அல்லது இரவு விமானம் என்றால் பெட்டிகளைச் சாங்கி விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தாத்தா பாட்டியை எங்காவது உட்கார வைத்து, பிள்ளைகளை ஓடவிட நேரம் இருக்கும்.